ஓடுதளம் தெரிய எத்தனை புள்ளி வேண்டும்?

பெங்களூரு கெம்பேகவுடா விமான நிலையத்தில் இறங்க வரும் விமானி, ஓடுதளத்தின் ஓரமாக வரிசை கட்டி நிற்கும் நான்கு விளக்குகளைத் தேடுவார். விமானிகள் அதை ‘பாப்பி’ என்பார்கள். இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு தெரிந்தால் 3 பாகைச் சரிவில் சரியாக இறங்குகிறோம் என்று அர்த்தம். நான்கும் வெள்ளை என்றால் உயரம் அதிகம். நான்கும் சிவப்பு என்றால் ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிட்டோம். விளக்குகளுக்கு இடையே சுமார் 9 மீட்டர் இடைவெளி. வானம் தெளிவாக இருந்தால் எட்டு, ஒன்பது கிலோமீட்டருக்கு முன்பிருந்தே அவை தனித்தனியாகத் தெரிய ஆரம்பிக்கும்.

அதே விமான நிலையத்தை வீட்டுக் கம்ப்யூட்டரில், மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரிலோ எக்ஸ்-பிளேனிலோ அணுகிப் பாருங்கள். அதே தூரத்தில் நான்கு விளக்கும் ஒட்டிக்கொண்டு, வெள்ளையா சிவப்பா என்று சொல்ல முடியாத ஒரு பொட்டாகத் தெரியும். விளையாடுபவர் முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோவார். பொட்டு பெரிதாகுமே தவிரப் பிரியாது. ‘மானிட்டரை மாற்றினால்தான் சரிவரும்’ என்று பெங்களூருவின் கம்ப்யூட்டர் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டுக்குப் போனால், ஒரு கடைக்காரர் “32 இன்ச் எடுங்க சார்” என்பார். அடுத்த கடையில் “24 போதும், 4கே எடுங்க” என்பார். ஒருவர் அங்குலத்தை விற்கிறார், மற்றவர் புள்ளியை விற்கிறார். நமக்கு எது தேவை?

இந்தக் கேள்வியைக் கேட்க பெங்களூருவைவிடப் பொருத்தமான ஊர் இந்தியாவில் இல்லை. 1940-இல் இங்கே தொடங்கிய விமானத் தொழிற்சாலைதான் இன்றைய எச்ஏஎல். தேஜஸ் போர் விமானம் 2001 ஜனவரி 4 அன்று முதன்முறையாகப் பறந்தது எச்ஏஎல் விமான நிலையத்திலிருந்துதான். அதற்குமுன் அதன் பறக்கும் குணத்தைத் தரையிலேயே சோதிக்க சிமுலேட்டர் உருவாக்கியது இதே ஊரின் ஏடிஇ ஆய்வுக்கூடம். பயணிகள் விமானத்தின் விமானிகளுக்குத் தேவனஹள்ளிப் பக்கம் சிஏஈ நிறுவனத்தின் பயிற்சி மையம் இருக்கிறது. கஸ்தூர்பா ரோடு விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகத்தில் ரைட் சகோதரர்களின் விமான மாதிரி நிற்கிறது. விமானத்தைத் திரையில் எப்படிக் காட்டுவது என்பது இந்த ஊரில் பலருக்கு வேலை.

அங்குலத்தைக் கோணமாக மாற்றுங்கள்

கண்ணுக்கு அங்குலம் தெரியாது. கோணம் மட்டுமே தெரியும். கையை முழுதாக நீட்டிக் கட்டைவிரலைப் பாருங்கள். விரலின் அகலம் கண்ணில் சுமார் 2 பாகையை அடைக்கும். நிலாவின் அகலம் அரைப் பாகைதான். நிலா எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் அகலமானாலும், விரல் அதை முழுதாக மறைத்துவிடும்.

திரைக்கும் இதே விதிதான். 24 அங்குலத் திரையின் அகலம் சுமார் 53 செ.மீ. (அங்குலக் கணக்கு மூலைக்கு மூலை அளப்பது.) 60 செ.மீ. தள்ளி உட்கார்ந்தால் அது கண்ணில் 48 பாகையை நிரப்பும். அதே தூரத்தில் 27 அங்குலம் 53 பாகை, 32 அங்குலம் 61 பாகை. திரையை இரண்டு மீட்டர் தள்ளி வைத்தால் 32 அங்குலமும் 20 பாகையாகச் சுருங்கிவிடும். எனவே ‘எத்தனை அங்குலம்’ என்ற கேள்விக்குத் தனியாக விடை கிடையாது. ‘எவ்வளவு தூரத்தில்’ என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

திரை முழுக்கப் படப்புள்ளிகள், அதாவது பிக்சல்கள். ஃபுல் எச்டி என்பது அகலவாக்கில் 1920, உயரவாக்கில் 1080 புள்ளிகள். க்யூஎச்டி 2560, 1440. 4கே 3840, 2160. இந்த எண்ணிக்கையைத்தான் பிரிதிறன் என்கிறோம்.

அளவையும் பிரிதிறனையும் சேர்த்து யோசிக்க, கொசுவலை அடித்த ஜன்னலை மனதில் வையுங்கள். ஜன்னலின் அகலமும் நாம் அதிலிருந்து நிற்கும் தூரமும் சேர்ந்து, வெளியே எவ்வளவு தெரியும் என்பதை முடிவு செய்கின்றன. வலையின் கண்கள் எவ்வளவு நெருக்கம் என்பது, தெரிவது எவ்வளவு நுணுக்கமாகத் தெரியும் என்பதைத் தீர்மானிக்கிறது. ஜன்னலை ஒட்டி நின்றால் வெளி உலகம் விரிகிறது, ஆனால் வலை கண்ணை உறுத்துகிறது. பின்னால் நகர்ந்தால் வலை மறைகிறது, கூடவே காட்சியும் குறுகுகிறது. மானிட்டர் வாங்கும்போது படும் பாடு முழுக்க இதுதான்.

வலை எப்போது மறையும்?

இதற்கு ஒரு சின்ன அளவு தேவை. பஞ்சாங்கக் கணக்கில் வருவதுபோல ஒரு பாகையை 60 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு ‘கலை’. குறையில்லாத கண், சுமார் ஒரு கலை அளவுள்ள நுணுக்கத்தைப் பிரித்துப் பார்க்கும். இரண்டு புள்ளிகள் அதைவிட நெருங்கினால் ஒன்றாகிவிடும்.

இந்த ஒரு கலை எங்கிருந்து வந்தது? கண் மருத்துவரிடம் 6/6 என்று எழுதி வாங்குகிறோமே, அதுதான். நெதர்லாந்துக் கண் மருத்துவர் ஹெர்மன் ஸ்னெல்லன் 1862-இல் வெளியிட்ட எழுத்து அட்டையின் கணக்கு அது. 6 மீட்டர் தொலைவில் 5 கலை உயரமுள்ள எழுத்து. அதன் ஒவ்வொரு கோடும் ஒரு கலை தடிமன். அதைப் படித்தால் பார்வை சரி.

ஆட்களைக் கேட்டுக் கண்டுபிடித்த அந்த அளவுக்கு உடலிலும் சாட்சி இருக்கிறது. விழித்திரையின் நடுவில், நாம் உற்றுப் பார்க்கும் இடத்தில், கூம்புச் செல்கள் சுமார் அரைக் கலை இடைவெளியில் நெருக்கியடித்து நிற்கின்றன. இரண்டு வெளிச்சங்கள் தனித்தனி என்று மூளை அறிய, அவை விழும் கூம்புகளுக்கு நடுவே வெளிச்சம் குறைந்த ஒரு கூம்பாவது இருக்க வேண்டும். அரையும் அரையும் சேர்ந்தால் ஒரு கலை. ஒருகாலத்தில் இறந்தவர்களின் கண்ணில் மட்டுமே எண்ண முடிந்த இந்தக் கூம்புகளை, 1999-இல் ஆய்வாளர்கள் ரூர்டாவும் வில்லியம்ஸும் உயிருள்ள மனிதர் கண்ணுக்குள்ளேயே படமெடுத்து வகை பிரித்துக் காட்டினார்கள். காற்றின் நடுக்கத்தைச் சரிசெய்ய வானியல் தொலைநோக்கிகளில் பயன்படும் உத்தியைத்தான் அதற்குக் கையாண்டார்கள். மூன்றாவது சாட்சி ஒளியியல்: பகலில் இரண்டு, மூன்று மில்லிமீட்டராகச் சுருங்கும் கண்மணி வழியே ஒளி நுழையும்போது பரவும் அளவும் கிட்டத்தட்ட ஒரு கலைதான். மூன்று வழியில் போனாலும் ஒரே இடத்துக்கு வந்து சேர்வதால்தான் இந்த எண்ணை நம்புகிறோம்.

நீங்களே சோதிக்கலாம். வெள்ளைத் தாளில் 1 மி.மீ. தடிமனுள்ள கருப்புக் கோடுகளை 1 மி.மீ. இடைவெளிவிட்டு அச்சிட்டுச் சுவரில் ஒட்டி, பின்னால் நகருங்கள். மூன்றரை மீட்டர் சுற்றுவட்டாரத்தில் கோடுகள் கரைந்து சாம்பல் நிறமாகிவிடும். அதுதான் உங்கள் கண்ணின் ஒரு கலை.

இனி மானிட்டருக்குப் போகலாம். 24 அங்குல ஃபுல் எச்டியில் ஒரு புள்ளியின் அகலம் 0.277 மி.மீ. 60 செ.மீ. தூரத்தில் அது 1.6 கலை, கண்ணின் எல்லையைவிடப் பெரிது, அதனால் வலை தெரியும். 95 செ.மீ. தள்ளினால்தான் மறையும். 27 அங்குல க்யூஎச்டிக்கு 80 செ.மீ., 32 அங்குல 4கேவுக்கு 63 செ.மீ. போதும். 32 அங்குலத்தில் க்யூஎச்டி எடுத்தால் புள்ளியின் அளவு 24 அங்குல ஃபுல் எச்டியில் இருக்கும் அதே 0.277 மி.மீ.தான். ஜன்னல் பெரிதாகும், வலை அப்படியே இருக்கும்.

இதில் ஒரு விசேஷம் இருக்கிறது. வலை மறையும் தூரத்தில் உட்கார்ந்து, திரை எத்தனை பாகையை நிரப்புகிறது என்று அளந்தால், ஃபுல் எச்டிக்கு எப்போதும் 31 பாகை, க்யூஎச்டிக்கு 41, 4கேவுக்கு 58 என்றே வரும். திரை 24 அங்குலமானாலும் 55 அங்குல டிவியானாலும் இந்த எண் மாறாது. ஆகவே பிரிதிறன் என்பது வெறும் ‘தெளிவு’ அல்ல. வலை தெரியாமல் எவ்வளவு அகலமான ஜன்னல் வைத்துக்கொள்ளலாம் என்பதற்கான அனுமதி அது. 24 அங்குலத்தில் 4கே வாங்கி 60 செ.மீ. தள்ளி உட்காருபவர் அனுமதியை வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டார், புள்ளி 0.8 கலைதான், கண்ணால் அதை முழுதாகப் பயன்படுத்த முடியாது.

ஒரு கொசுறு: ஒரு கோடு சற்று விலகியிருக்கிறதா என்று பார்ப்பதில் கண் ஒரு கலையைவிடப் பல மடங்கு கூர்மையானது. ஓடுதளத்தின் விளிம்பு திரையில் சாய்வாக ஓடும்போது படிக்கட்டுபோல நெளிவது 4கேவிலும் தெரிவது இதனால்தான். அதை மென்பொருளின் விளிம்பு மழுக்கும் வசதியால் சரிசெய்ய வேண்டும். புள்ளியைக் கூட்டித் தீர்க்க நினைத்தால் முடிவே இருக்காது.

நான்கு விளக்குகள் எங்கே போயின?

ஜன்னல் உவமை இங்கே ஓரிடத்தில் நின்றுவிடும். உண்மையான ஜன்னல், தான் அடைக்கும் கோணத்துக்கு மேல் உலகத்தைக் காட்டாது. சிமுலேட்டர் காட்டும். கருவிப் பலகையும் தெரிய வேண்டும், ஓடுதளமும் தெரிய வேண்டும் என்று நாம் காட்சியை விரித்துக்கொண்டே போவோம். 90 பாகை உலகத்தை, 48 பாகை மட்டுமே உள்ள திரைக்குள் மென்பொருள் திணித்துக் கொடுக்கும். எல்லாம் பாதியாகச் சுருங்கும். ஓடுதளம் இருப்பதைவிடத் தொலைவில் தெரிவது இந்தச் சுருக்கத்தின் கைங்கரியம்.

விளக்குக் கணக்கைப் போடுங்கள். 9 கிலோமீட்டருக்குச் சற்று அப்பால், 9 மீட்டர் இடைவெளி என்பது சுமார் 3.3 கலை. கண்ணுக்கு அது தாராளம். ஆனால் 90 பாகைக் காட்சியை 1920 புள்ளிகளில் பரப்பினால், திரையின் நடுவே ஒரு புள்ளி உலகத்தில் 3.6 கலையை விழுங்குகிறது. இரண்டு விளக்குகளுக்கு ஆளுக்கொரு புள்ளிகூட முழுதாகக் கிடைக்கவில்லை. முகத்தைத் திரையில் ஒட்டினாலும் பயனில்லாதது இதனால்தான். பிரிக்க வேண்டிய விவரம் திரைக்கே வந்து சேரவில்லை. விளக்குகள் காணாமல் போகக் கூடாதென்று சிமுலேட்டர்கள் அவற்றைச் சற்றுப் பெரிதாக்கியே வரைகின்றன. அது வெளிச்சத்தைக் காப்பாற்றும், இடைவெளியைக் காப்பாற்றாது.

காசில்லாத வைத்தியம் ஒன்று உண்டு. இறங்கும் நேரத்தில் மட்டும் காட்சிக் கோணத்தை 48 பாகைக்குக் கொண்டுவாருங்கள். பழைய 24 அங்குலத் திரையிலேயே ஒரு புள்ளி 1.6 கலையாகும், விளக்குகளுக்கு இடையே இரண்டு புள்ளி கிடைத்துவிடும். ஆனால் கருவிப் பலகை திரைக்கு வெளியே போய்விடும். இரண்டும் ஒருசேர வேண்டும் என்றால்தான் புதுத் திரை. 90 பாகைக் காட்சியில் 4கேவின் ஒரு புள்ளி 1.8 கலை, 60 பாகையில் ஒரு கலையைவிட மிகச் சற்றே அதிகம். 60 பாகை என்பது 60 செ.மீ. தூரத்தில் 32 அங்குலத் திரை கிட்டத்தட்ட அடைக்கும் கோணம். அதாவது அங்கே சுருக்கமே இல்லை; உலகம் அதனதன் அளவிலேயே தெரிகிறது.

தொழில்முறை சிமுலேட்டரில் என்ன இருக்கிறது?

விமான நிறுவனங்கள் பயன்படுத்தும், ஆறு கால்களில் நின்று ஆடும் உயர்தர சிமுலேட்டர்களுக்கு அமெரிக்க, ஐரோப்பிய விதிகள் கேட்கும் காட்சித் துல்லியம் எவ்வளவு தெரியுமா? 2 கலை. அதைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது என்பதுதான் நிபந்தனை. காட்சியைச் சுருக்காமல் வைத்தால், உங்கள் மேசையில் இருக்கும் ஃபுல் எச்டி திரையின் புள்ளியே இந்த எல்லைக்குள் வந்துவிடுகிறது.

அப்படியானால் அங்கே பணம் எதற்குப் போகிறது? அகலத்துக்கும் தொலைவுக்கும். விமானியைச் சுற்றிச் சுமார் 180 பாகை அகலத்துக்கு, 40 பாகை உயரத்துக்குக் காட்சி விரிகிறது. தரையை நெருங்கும் வேகத்தையும், கடைசி சில மீட்டர் உயரத்தையும் விமானி உணர்வதில் ஓரக்கண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு. கூடவே, வளைந்த பெரிய கண்ணாடி ஒன்று காட்சியின் ஒளிக்கற்றைகளை இணையாக்கி அனுப்புகிறது. அதனால் ஓடுதளம் மூன்று மீட்டரில் இருக்கும் திரையில் இல்லாமல் நிஜமாகவே தொலைதூரத்தில் இருப்பதாகக் கண் நம்புகிறது. இடது இருக்கையிலும் வலது இருக்கையிலும் உள்ள இருவருக்கும் ஓடுதளம் ஒரே திசையில் தெரிவதும் இதனால்தான்.

போர் விமானிக்கு இதுவும் போதாது. அவர் தலைக்கு மேலும் பின்னாலும் பார்க்க வேண்டியவர். தேஜஸுக்காகக் கோளவடிவக் கூடாரத்தின் உட்புறம் முழுக்கக் காட்சியை வீசும் சிமுலேட்டர் இருப்பது அதற்காகத்தான். சுற்றிலும் உள்ள முழுக் கோளத்தையும் ஒரு கலைப் புள்ளிகளால் நிரப்ப ஏறத்தாழ 15 கோடி புள்ளிகள் தேவை; 18 4கே திரைகளுக்குச் சமம். இத்தனையும் உற்றுப் பார்க்கும் நடு இரண்டு பாகைக்காகத்தான். அதைத் தாண்டினால் கண்ணின் கூர்மை மளமளவென்று விழுந்துவிடுகிறது. தலையில் மாட்டும் விஆர் கருவிகள் சில, விழி திரும்பும் இடத்தை மட்டும் நுணுக்கமாக வரைந்து வேலையை மிச்சப்படுத்துவது இந்தப் பலவீனத்தை வைத்துத்தான்.

வீட்டுக்கு இதிலிருந்து ஒரு பாடம் உண்டு. நம் மேசையில் குறைவது துல்லியத்தைவிட அகலம்தான். மூன்று 24 அங்குல ஃபுல் எச்டி திரைகளைப் பக்கத்துப் பக்கத்தில் உள்வளைவாக வைத்தால் 140 பாகைக்கு மேல் கிடைக்கும். புள்ளிகளோ 62 லட்சம்தான், ஒரு 4கே திரையின் 83 லட்சத்தைவிடக் குறைவு. இடையே வரும் சட்டங்களைச் சகித்துக்கொள்பவருக்கு, எக்ஸ்-பிளேன்போல பல திரைகளை ஏற்கும் மென்பொருளில், இது நல்ல வழி. இன்னொன்று: 63 செ.மீ.யில் 32 அங்குலமும் 85 செ.மீ.யில் 43 அங்குலமும் கண்ணுக்கு ஒரே கோணம், ஒரே வலை. ஆனால் திரை தள்ளிப் போகப் போகக் கண்ணின் குவியத்துக்குச் சிரமம் குறையும். நாற்பதைத் தாண்டி, கிட்டப் பார்க்கக் கண்ணாடி தேடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வரைகிறவர் சம்மதிக்க வேண்டுமே

புள்ளிகளை யாராவது வரைய வேண்டும். 4கேவில் ஃபுல் எச்டியைப் போல நான்கு மடங்கு, க்யூஎச்டியைப் போல இரண்டேகால் மடங்கு புள்ளிகள். நொடிக்கு 30 முறையோ 60 முறையோ அத்தனைக்கும் கிராஃபிக்ஸ் கார்டு நிறம் கண்டுபிடிக்க வேண்டும். ஆனாலும் விமான சிமுலேட்டருக்கு ஒரு தனிக் குணம் உண்டு. வானிலை, பறக்கும் விதி, மற்ற விமானங்கள், நகரத்தின் கட்டடங்கள் என்று முதன்மைச் செயலி செய்யும் வேலையும் கனமானது. அந்த வேலை திரையின் புள்ளிகளைப் பொறுத்ததல்ல. பெரிய விமான நிலையத்தில் காட்சி திக்கித் திணறினால், முதலில் பிரிதிறனைக் குறைத்துப் பாருங்கள். ஓட்டம் மாறவில்லை என்றால் தடை செயலியில் இருக்கிறது. கார்டின் மேல் பழி வேண்டாம். சட்டென்று சீரானால், 4கே உங்கள் கார்டுக்குச் சுமை. அப்போது குறைந்த புள்ளிகளில் வரைந்து பெரிதாக்கும் டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் வசதிகளை நாடலாம். நுண்ணிய கருவி எழுத்துகள் மட்டும் கொஞ்சம் குழையும். துப்பாக்கிச் சண்டை விளையாட்டுபோல நொடிக்கு 144 படம் இங்கே அவசியமில்லை. திணறாத 40 போதும். படம் வரும் வேகத்துக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் திரையாக இருந்தால் இன்னும் நல்லது.

கடைக்குப் போகும்முன்

ஒரு டேப் எடுத்து, நாற்காலியில் சாய்ந்த நிலையில் கண்ணுக்கும் திரை நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள். கடையில் மானிட்டர்களை அலமாரியில் அடுக்கி, ஒன்றரை மீட்டர் தள்ளி நிறுத்தித்தான் காட்டுவார்கள். அந்தத் தூரத்தில் 24 அங்குல ஃபுல் எச்டியின் வலையும் மறைந்திருக்கும், எல்லாத் திரையும் ஒன்றுபோலவே மின்னும். நீங்கள் அளந்த தூரத்துக்கு நெருங்கி நின்று, கூடவே கொண்டுபோன ஒரு விமானக் கருவிப் பலகைப் படத்தைத் திறந்து, சிறிய எழுத்துகளைப் படித்துப் பாருங்கள்.

என் தீர்ப்பு இதுதான். 60 முதல் 70 செ.மீ. தூரமும் வலுவான கார்டும் இருந்தால் 32 அங்குல 4கே. கார்டு நடுத்தரம் என்றால் 27 அங்குல க்யூஎச்டி. மேசை ஆழமானது, 85 செ.மீ. தள்ளி உட்காரலாம் என்றால் 43 அங்குல 4கே. 32 அங்குலத்தில் ஃபுல் எச்டியும் 24 அங்குலத்தில் 4கேவும் விமானம் ஓட்டுபவருக்கு வேண்டாம். இது எதுவும் இப்போதைக்கு முடியாது என்றால், இருக்கிற திரையிலேயே காட்சிக் கோணத்தைக் குறைத்து இன்று மாலை ஒருமுறை இறங்கிப் பாருங்கள். அதற்குச் செலவே இல்லை.